தூக்குக்குண்டும் தண்டோராவும்

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் ஓர் அறை எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் தோளுயரம் வந்திருந்தது. கொத்தனாருக்கு மோர் கொடுத்துவிட்டு அவர் திரும்பியபோது பழைய சீடன் ஒருவன் படியேறி வந்தான். கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட விளம்பரப் புத்தகம். முகத்தில் இரண்டு நாள் தூங்காத களைப்பு.

அவன் மஞ்சள் மண்டிகளுக்காக ஒரு கணக்கு மென்பொருள் எழுதியிருக்கிறான். மூட்டை வரவு, இருப்பு, கமிஷன், யாரிடம் எவ்வளவு பாக்கி, இவ்வளவுதான் அதன் வேலை. இணையம் தேவையில்லை. பத்து வருடப் பழைய கணினியிலும் ஓடும். கணக்கு முழுவதும் ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டுக்கொண்டால் அதுவே நகல். ஒருவர் சொல்லி ஒருவராக ஆறு மண்டிகள் வாங்கியிருந்தன. அதில் ஒரு மண்டிக்காரர்தான் அந்தப் புத்தகத்தைக் காட்டி, "இதில் ஏஐ, கிளவுடு எல்லாம் இருக்கிறதாமே, உன்னுடையதில் உண்டா தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

"நல்ல கருவி சத்தம் போடாமலே நிற்கும் என்று வகுப்பில் சொன்னீர்கள் ஐயா. அதை நம்பி நான் ஒரு பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. அது உண்மையா, எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னதா?"

ஆசிரியர் பதில் சொல்லாமல் கொத்தனாரைக் காட்டினார். அவர் தூக்குக்குண்டை எடுத்திருந்தார். குண்டின் நூல் ஒரு சிறு கட்டையின் நடுத்துளை வழியே போகிறது. கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்றே. கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே இறக்கினார். சுவரை உரசியும் உரசாமலும் நின்றால் சுவர் நேர். இடைவெளி விட்டாலோ சாய்ந்து முட்டினாலோ கோணல். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஒரு செங்கல்லைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினார்.

"பழைய எகிப்தில் கல் அடுக்கியவர்களிடமும் இது இருந்தது. பூமியின் இழுப்பு ஒன்றுதான் இதற்கு மூலதனம். வேலை முடிந்ததும் நூலைச் சுற்றிப் பையில் போட்டுவிடுவார். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் இதைப் பார்க்கப் போவதில்லை. சுவர் மட்டும் நேராக நிற்கும்."

"மென்பொருளில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள் ஐயா."

"உன் சட்டைப் பையிலேயே இருக்கிறது," என்று அவன் போனைக் காட்டி ஆசிரியர் சொல்ல ஆரம்பித்தார்.

அமெரிக்கக் கடற்படையில் ஆஸ்கர் ஆஸ்டின் என்றொரு போர்க்கப்பல். அடிபட்டுக் குழாய்கள் உடைந்தால் எந்த வால்வை மூடுவது, எதைத் திறப்பது என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் அதற்காக எழுதப்பட்டது. எழுதும் வேலையில் ரிச்சர்ட் ஹிப் என்ற பொறியாளர் இருந்தார். தகவல்கள் ஒரு பெரிய தரவுத்தள சர்வரில் இருந்தன. சர்வர் படுத்துவிட்டால், தொடர்பு இல்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். மென்பொருள் கையை விரித்துவிடும். கப்பல் அடிபட்ட நேரத்தில் உதவவென்றே செய்த பொருள் அந்த நேரத்தில் இப்படி நின்றால் எதற்கு ஆகும்? வட்டிலிருந்து சில தகவல்களைப் படிப்பதற்கு நடுவே ஒரு சர்வர் ஏன் என்று ஹிப் யோசித்தார். அந்த யோசனையிலிருந்து 2000-ல் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் வெளிவந்தது. தனியாக நிறுவ வேண்டியதில்லை, நிர்வாகி வேண்டியதில்லை, தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. உரிமத்தொகை எதுவும் இல்லை. மூலநிரல் பொதுவுடைமையாக விடப்பட்டது.

இன்று ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் போனில் அதற்குள்தான் சேமிக்கப்படுகின்றன. பயர்பாக்ஸும் குரோமும் நாம் பார்த்த பக்கங்களை அதில்தான் குறித்து வைக்கின்றன. உலகில் புழங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளங்கள் 1 லட்சம் கோடிக்கு மேல் என்பது அதைச் செய்தவர்களின் மதிப்பீடு. தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்கும் அதன் பெயர் தெரிந்திருக்காது.

"உன் மண்டிக் கணக்கும் அதில்தானே?" என்றார் ஆசிரியர். சீடன் தலையசைத்தான்.

அதை நிலைநிறுத்தியது விளம்பரம் அல்ல என்று அவர் தொடர்ந்தார். அதைப் பராமரிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு குழு. மூலநிரலைப்போல 500 மடங்குக்கும் மேல் சோதனை நிரல் எழுதி வைத்திருக்கிறது. விமான மென்பொருளுக்கு வகுத்த சோதனை முறையிலிருந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு அது. கொத்தனார் ஒவ்வொரு வரிசைக்கும் குண்டு இறக்குவதுபோல, ஒவ்வொரு திருத்தத்துக்கும் சோதனை ஓடுகிறது. 2004-ல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பை இன்றைய பதிப்பும் திறக்கும். 2050 வரை பராமரிக்கும் எண்ணத்தோடு வேலை செய்வதாக அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுகளை நெடுங்காலம் காக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதையும் சேர்த்திருக்கிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் தம் அனுபவம் ஒன்றைச் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில், பளபளப்பான செயல்விளக்கத்தில் மயங்கி, மதிப்பெண் பதிவுக்கென ஒரு மென்பொருளை வாங்கச் சொன்னவர் அவர்தான். விற்ற நிறுவனம் சில வருடங்களில் காணாமல் போயிற்று. கோப்புகளை வேறு எதுவும் திறக்கவில்லை. பழைய பேரேட்டைப் பார்த்து மாணவர்களின் மதிப்பெண்களைக் கையால் மறுபடி ஏற்ற ஒரு கோடை விடுமுறை முழுவதும் போயிற்று. "அந்தக் கோடையில்தான் உன் சந்தேகம் எனக்கும் வந்தது," என்றார்.

சந்தைச் சத்தத்துக்கு அவர் சொன்ன உதாரணம் ஜூசெரோ. 2016-ல் அமெரிக்காவில் 699 டாலருக்கு வந்த பழச்சாறு எந்திரம் அது. வைஃபை உண்டு. முதலீட்டாளர்கள் சுமார் 12 கோடி டாலர் போட்டிருந்தார்கள். 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அதன் சாற்றுப் பையைக் கையால் பிழிந்து பார்த்தார்கள். ஏறக்குறைய அதே அளவு சாறு வந்தது. செப்டம்பரில் நிறுவனம் மூடப்பட்டது.

"சத்தமில்லாமல் இருந்தால் சோற்றுக்கு என்ன வழி?" என்று சீடன் கேட்டான். ஆறு மண்டிக்காரர்களும் வருடப் பராமரிப்புக்குப் பணம் தருகிறார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். தருகிறார்கள் என்றான். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் பதிவெழுதினால் எஸ்கியூலைட் தாங்குமா என்றான். தாங்காது, அது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுதவிடும், அந்த வேலைக்கு போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் இருக்கின்றன, மண்டியில் எழுதுகிறவர் ஒரு கணக்குப்பிள்ளைதானே என்றார்.

மூன்றாவது கேள்விக்கு அவரால் அப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

"ஐயா, ஓப்பன்எஸ்எஸ்எல் கதை? அதுவும் பெயர் தெரியாமல் உழைத்த கருவிதானே?"

இணைய வங்கி முதல் மின்னஞ்சல் வரை உலகின் பெரும்பாலான பூட்டுகள் அந்த நிரலை நம்பியிருந்தன. 2011 கடைசியில் அதில் ஒரு பிழை நுழைந்தது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணினி ஒரு சொல்லை அனுப்பும். மற்றது அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு, அதன் நீளம் 64 ஆயிரம் எழுத்து என்று பொய் சொன்னால், நிரல் அதை அளந்து பார்க்காமல் நம்பியது. பக்கத்து நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்துக் கொட்டியது. கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் அதில் வரலாம். 2012 மார்ச்சில் அந்தப் பிழையோடு கூடிய பதிப்பு வெளியாயிற்று. 2014 ஏப்ரல் 7 வரை, இரண்டு வருடத்துக்கும் மேல், ஓட்டை திறந்தே கிடந்தது. அந்தத் திட்டத்துக்கு வருடத்தில் வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர்.

"கவனியுங்கள் ஐயா," என்றான் சீடன். இப்போது அவன் குரலில் களைப்பு இல்லை. "அந்த ஓட்டைக்கு ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்து, ரத்தம் சொட்டும் இதயம் ஒன்றை வரைந்து, தனியாக ஒரு பக்கமும் திறந்தார்கள். அதன் பிறகுதான் உலகமே ஓடிப்போய்ச் சரிசெய்தது. பணமும் அதன் பிறகுதான் வந்தது. கருவி அடக்கமாக இருந்ததால் பட்டினி கிடந்தது. சத்தம் போட்டதால் பிழைத்தது. உங்கள் உபதேசம் இங்கே உடைகிறதே?"

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. மேற்கிலிருந்து காற்று எழுந்திருந்தது. குண்டு ஊசலாடியது. கொத்தனார் அதைத் திட்டவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, குண்டு அதற்குள் தொங்கும்படி இறக்கினார். ஆட்டம் அடங்கியது.

உடைகிறது, ஆனால் நீ சொன்ன இடத்தில் இல்லை என்று ஆசிரியர் ஆரம்பித்தார். இதயப் படம் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பெருமையைச் சொல்லவில்லை, ஆபத்தைச் சொன்னது. ஏரிக்கரை உடைந்தால் தண்டோரா போடத்தான் வேண்டும். அங்கே மெதுவாகப் பேசுகிறவன் ஊருக்குத் துரோகம் செய்கிறான். தன் சரக்கைப் புகழும் சத்தமும் ஊரை எழுப்பும் சத்தமும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம், இரண்டும் ஒன்றல்ல. அடுத்தது, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் குறைந்தது புகழ் அல்ல, கண்களும் கூலியும். அதை வைத்துக் கோடிகோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் அதன் பராமரிப்பை விசாரிக்கவில்லை. 2014-லேயே லினக்ஸ் அறக்கட்டளை ஒரு நிதி ஏற்பாட்டைத் தொடங்கியபோது கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் எல்லாம் பணம் போட்டன. முன்பே போட்டிருக்கலாம். எஸ்கியூலைட்காரர்கள் இதை உரிய நேரத்தில் செய்தார்கள்: பெரிய பயனாளர்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு வைத்து வருடச்சந்தா வாங்குகிறார்கள். ஊருக்கெல்லாம் பறையடிக்கவில்லை; யாருக்குத் தங்கள் உழைப்பு தேவையோ அவர்களிடம் கூலி வாங்கினார்கள். கேட்பது வெட்கமில்லை. குண்டுக்கும் வாளித் தண்ணீர் வேண்டியிருக்கிறதே.

பராமரிப்பவரைத் தனியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியில் என்ன நடந்தது? சோர்ந்துபோன ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவ வந்தவர்போல் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேல் பழகி, நம்பிக்கையைப் பெற்று, கள்ளக்கதவு ஒன்றை நுழைத்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு அளந்து பார்த்தார். விலையுயர்ந்த பாதுகாப்புப் பெட்டி எதுவும் அதைப் பிடிக்கவில்லை. ஒருவர் குண்டை இறக்கிப் பார்த்தார், சுவர் நூலளவு விலகியிருந்தது.

சீடன் வெகுநேரமாகப் பேசவில்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். மோர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல கருவி சத்தம் போடாமலே நிற்கும் என்று நான் சொன்னது பாதிதான் தம்பி. யாராவது தினமும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருக்குச் சாப்பாடு வேண்டும். அந்தப் பாதியை வகுப்பில் சொல்லாமல் விட்டது என் தவறு."

"மண்டிக்காரரிடம் நான் என்ன சொல்லட்டும் ஐயா?"

"உன் பொருள் எதைச் செய்யாது என்பதை முதலில் சொல். கோப்பு எங்கே இருக்கிறது, எப்படி நகல் எடுப்பது, நீ நாளைக்கு இல்லாவிட்டால் வேறு யார் எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. அந்தப் புத்தகக்காரரிடமும் இதே மூன்றைக் கேட்கச் சொல்."

அன்று இரவே அவன் அந்தத் தாளைத் தமிழில் எழுதி முடித்தான். அடியில், அதுவரை ஒருமுறையும் கேட்டிராத ஒரு வரியைச் சேர்த்தான்: அடுத்த வருடத்திலிருந்து பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் கூடும், காரணம் உதவிக்கு ஒருவரை வைக்கப் போகிறேன். ஆறு மண்டிகளுக்கும் நேரில் போய்க் கொடுத்தான். ஐந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். புத்தகம் காட்டியவர் இன்னும் யோசிக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடையோ அலுவலகமோ எந்தச் சிறு நிரலின் மேல், எந்தச் சத்தமில்லாத மனிதரின் மேல் நிற்கிறது என்று இந்த வாரம் ஒருமுறை விசாரியுங்கள். அவருக்குக் கூலி போய்ச் சேர்கிறதா என்றும் கேளுங்கள்.