யார் பெரியவர்? குத்துச்சண்டை மேடையும் மார்க்கத்தின் தராசும்

படைப்பின் வரலாற்றில் முதன்முதலாகத் தரவரிசை வகுத்தவன் இப்லீஸ். ஆதம் (அலை) அவர்களுக்குப் பணியுமாறு கட்டளை பிறந்தபோது, நெருப்பையும் மண்ணையும் ஒப்பிட்டுத் தன்னை உயர்ந்தவன் என்று தானே தீர்ப்பளித்துக்கொண்டான். அளவுகோலைத் தேர்ந்தவனும் அவன், அளந்தவனும் அவன், அளக்கப்பட்டவனும் அவனே. திருமறை எடுத்துரைக்கும் இந்நிகழ்ச்சி, ‘யார் பெரியவர்?’ என்று வினவும் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வினா நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிப்பது விளையாட்டு வீரர்களைப் பற்றியே. ‘ஹெவிவெயிட்’ எனப்படும் மிகுஎடைக் குத்துச்சண்டையில் எக்காலத்துக்கும் பெரியவர் யார் என்று கேட்டால், நம் இளைஞர்கள் முகம்மது அலி என்று தயங்காமல் விடையிறுப்பர். விடை சரியாயிருக்கலாம். ஆனால் அது ஆராய்ந்து கண்ட விடையா, பெயரில் கொண்ட பற்றால் பிறந்த விடையா என்பதே கேள்வி.

வீரர்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1908இல் சிட்னி நகரில் வென்று, இப்பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீரரானார் ஜாக் ஜான்சன். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்தார்; 25 முறை அதனைக் காத்தார். ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் 49ஐயும் வென்று, 1956இல் தோல்வியறியாமலே ஓய்வு பெற்றார். முகம்மது அலி 61 போட்டிகளில் 56ஐ வென்றார், ஐந்தில் தோற்றார். காலநீட்சி அளவுகோலாயின் லூயிஸ் முதல்வர். தோல்வியின்மை அளவுகோலாயின் மார்சியானோ. எதிர்த்தவர்களின் வலிமை அளவுகோலாயின் லிஸ்டன், பிரேசியர், போர்மன் ஆகிய மூவரையும் வென்ற அலி. கோல் மாற, முதலிடமும் மாறுகிறது.

காலத்தால் பிரிந்தோரை மோதவிட்டுப் பார்க்கவும் ஒருமுறை முயன்றனர். 1969இல் மார்சியானோவையும் அலியையும் படப்பிடிப்புக்கென மேடையேற்றி, முடிவைக் கணிப்பொறியிடம் விட்டனர். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் காட்டப்பட்ட படத்தில் பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ வென்றவர் அலி! இயந்திரமும் பார்ப்போரின் விருப்பத்துக்கேற்பத் தீர்ப்பளித்தது போலும்.

நம் முன்னோரான ஹதீஸ் கலை வல்லுநர்கள் இத்தகைய சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களைத் தரம்பிரிக்க வேண்டிய பெரும் பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. அதற்கு அவர்கள் இரு நெறிகளைக் கைக்கொண்டனர். ஒன்று, ‘தபகாத்’ என்னும் தலைமுறைப் பகுப்பு: ஒருவரை அவர் காலத்தவரோடு வைத்தே நோக்குதல். மற்றொன்று, நினைவாற்றலின் திண்மையையும் ஒழுக்கத்தின் நேர்மையையும் தனித்தனியே நிறுத்தல். முன்னதை ‘ளப்த்’ என்றும் பின்னதை ‘அதாலத்’ என்றும் வழங்கினர். நல்லவர் என்பதற்காக நினைவாற்றல் குன்றியவரின் அறிவிப்பை ஏற்கவில்லை. நினைவாற்றல் மிக்கவர் என்பதற்காகப் பொய்யரின் அறிவிப்பையும் ஏற்கவில்லை. ஒரு தட்டில் உள்ள நிறையை எடுத்து மறுதட்டின் குறையை நிரப்ப அவர்கள் இசைந்ததில்லை.

இந்நெறிகளைக் குத்துச்சண்டைக்குப் பொருத்துவோம். முதலில் தலைமுறை. வெவ்வேறு காலத்தவரை ஒருபுறம் வைப்போம். ஒரே மனிதரையே எல்லாப் பருவத்திலும் ஒரே எடையில் நிறுக்க இயலுமா? 1980 ஜனவரியில் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் பங்கேற்றார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். அன்று தமிழ் மக்கள் கண்டது 38 வயது அலியை. அதே ஆண்டு அக்டோபரில், முன்பு அவருக்குப் பயிற்சித் துணைவராயிருந்த லாரி ஹோம்ஸ் அவரை வென்றார். பத்தாம் சுற்றுக்குப்பின் அலியின் பயிற்சியாளரே போட்டியை நிறுத்தும்படி ஆயிற்று. இதனால் ஹோம்ஸே பெரியவர் என்று எவரும் துணிந்துரைப்பதில்லை. வெற்றி தோல்வி மட்டுமே அளவன்று என்பதை நாம் நம்மை அறியாமலே ஒப்புக்கொள்கிறோம்.

இனி, தொழிலைப் பற்றி மார்க்கம் கூறுவதை மறைத்தல் நேர்மையாகாது. உடல்வலிமையை இஸ்லாம் இகழவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ருகானா என்னும் மல்லரோடு பொருது அவரை வீழ்த்தினார்கள் என்பது வரலாறு. ஆயினும் சண்டையிடுவோர் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கட்டளையே. குத்துச்சண்டையிலோ முகமே முதல் இலக்கு. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், எதிரியின் உடலுக்குக் கேடு விளைப்பதையே அனுமதிக்கும் இவ்விளையாட்டு ஷரீஅத்தில் ஆகுமானதன்று எனத் தீர்மானித்தது. 1984இல் அலிக்கு நடுக்கு நோய் கண்டறியப்பட்டது. அதற்குக் குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிலர். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளைக்குக் கேடு என்பதில் வேறுபாடில்லை. எனவே அலியின் பெருமையைப் பேசும் தந்தை, தம் மகனை அம்மேடைக்கு அனுப்பும் கடமை உடையவர் அல்லர்.

அங்ஙனமாயின் அவருடைய பெருமை எங்கே இருக்கிறது? மற்றவரை வீழ்த்துபவர் வலியவரல்லர், சினத்தின்போது தம்மை அடக்கியாள்பவரே வலியவர் என்பது நபிமொழியின் கருத்து. வலிமை என்ற சொல்லையே பெருமானார் இடம்மாற்றி வைத்தார்கள். எதிரியின் உடலிலிருந்து நம் உள்ளத்துக்குக் கொணர்ந்தார்கள்.

இந்தக் கோலால் அளந்தால், அலியின் மிகப்பெரிய போராட்டத்தில் ஒரு குத்தும் விழவில்லை. 1967 ஏப்ரல் 28ஆம் நாள் ஹூஸ்டன் நகரில், வியட்நாம் போருக்கான படைச் சேர்க்கையில் அவர் பெயர் அழைக்கப்பட்டது. அவர் முன்னே அடியெடுத்து வைக்க மறுத்தார். பட்டம் பறிபோயிற்று. ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டால் சிறை புகவில்லை. ஆயினும் 25 வயது முதல் மூன்றரை ஆண்டுகள், ஒரு வீரனின் பொற்காலம், மேடையின்றிக் கழிந்தது. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்? இவ்விழப்பைப் புள்ளிவிவரப் பட்டியல் வெற்றிடமாகக் காட்டுகிறது. அறத்தின் பட்டியலோ அதனையே முதலில் எழுதுகிறது.

நேர்மை இருபுறமும் வேண்டும். தடைக்காலத்தில் தமக்காகப் பரிந்து பேசிய ஜோ பிரேசியரை, 1975இல் மணிலாப் போட்டிக்கு முன் அலி மனிதக் குரங்கென்று ஊரறிய ஏளனம் செய்தார். பிறரை இழித்துரைப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் திருமறை தடுத்துள்ளது. அக்காயம் பிரேசியரின் உள்ளத்தில் நெடுங்காலம் ஆறவில்லை. முதுமையில் அலி வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். நம்மவர் என்பதால் இதனை மூடிமறைப்போமாயின், நாம் ஏந்துவது தராசு அன்று, கொடி.

எங்கள் காஞ்சிப் பகுதியில் இதனை விளக்க ஒரு சான்று உண்டு. காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன், அதாவது பெருமல்லன், என்று பட்டம் பூண்டான். அவன் எத்தனை மல்லரை வென்றான் என்பதை இன்று அறிவார் இல்லை. அவன் பெயரைத் தாங்கி நிற்பவை மாமல்லபுரத்துக் கற்களே. காஞ்சிப் பட்டிலும் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து கோர்வையால் பிணைப்பர். நிறங்கள் எத்துணைப் பளபளத்தாலும், இணைப்பு உறுதியாயிருந்தால்தான் அது நல்ல சேலை. ஆற்றலும் ஒழுக்கமும் அவ்வாறே. இரண்டும் இருந்தால் மட்டும் போதாது. இழுபடும் நாளில் பிரியாதிருத்தல் வேண்டும்.

‘நானே பெரியவன்’ என்று இளமையில் முழங்கியவர் அலி. இப்லீஸின் கூற்றை நினைவூட்டும் அம்முழக்கத்தை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் அதே மனிதர் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில், நடுங்கும் கரத்தால் சுடரேற்ற உலகின்முன் நாணாது நின்றார். 2016இல் மறையும் வரை நோயைப் பொறுமையுடன் தாங்கினார். வலிமையை இறைவன் கொடுத்ததும் கண்டார், எடுத்ததும் கண்டார்.

ஆகவே, பிள்ளைகள் ‘யார் பெரியவர்?’ என்று கேட்டால், ‘எதில்?’ என்று திருப்பிக் கேட்கப் பழக்குவோம். கைத்திறனில் அவரவர் தலைமுறைக்கு ஒருவர் உண்டு. கொள்கைக்காக இழப்பதில் அலிக்கு இணை அம்மேடையில் அரிது. இறையச்சத்தில் யார் பெரியவர் என்பதோ உள்ளங்களை அறிந்தவனுக்கே உரிய தீர்ப்பு. அத்தராசு நம் கையில் இல்லை. அதில் நிறுக்கப்படுவோருள் நாமும் உள்ளோம். அல்லாஹ் நம் அனைவரின் எடையையும் கனமாக்கி அருள்வானாக!