எந்தக் கட்சியில் பேசுவது?

பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்க, நகைச்சுவையைவிட நிச்சயமான வழி ஒன்று உண்டு. எதிரெதிரான இரண்டை ஒரே அளவுள்ள இரு வாக்கியங்களில் வைத்துவிட வேண்டும். "சம்பாதிக்கத் தெரிந்தவனுக்கு அனுபவிக்கத் தெரியவில்லை, அனுபவிக்கத் தெரிந்தவனுக்குச் சம்பாதிக்கத் தெரியவில்லை" என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினால் போதும், பந்தலின் கடைசி வரிசை வரை அதிரும். இரண்டும் தெரிந்தவர்களும் இரண்டுமே தெரியாதவர்களும் அதே பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் சேர்ந்து தட்டுவார்கள். முதல் பாதியைக் கேட்டதுமே காது அடுத்த பாதிக்குத் தயாராகிவிடுகிறது. எதிர்பார்த்தது வந்து சேர்ந்த நிறைவை, உண்மையைக் கண்டுவிட்ட நிறைவாக மனம் எடுத்துக்கொள்கிறது. இதுவே என் பிழைப்பு என்பதால், முரண் மீது எனக்கு மரியாதையும் உண்டு, சந்தேகமும் உண்டு.

தொல்காப்பியர் முரணை மோனை, எதுகை, இயைபோடு சேர்த்துத் தொடை வகைகளில் வைத்தார். சொல்லும் முரணலாம், பொருளும் முரணலாம் என்றார். மோனையும் எதுகையும் ஓசையால் செய்யுளைக் கட்டுகின்றன. முரண் பகையால் கட்டுகிறது. பகைக்கும் கட்டும் வலிமை உண்டு என்று இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் கட்டி முடித்த பிறகு கேட்பவர் என்ன செய்ய வேண்டும்? இதில் நம் நூல்கள் இரண்டு வழியாகப் பிரிகின்றன.

வள்ளுவரின் வழி, தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழி. 40ஆம் அதிகாரம் கல்வி, 41ஆம் அதிகாரம் கல்லாமை. 45 பெரியாரைத் துணைக்கோடல், 46 சிற்றினம் சேராமை. எதிரெதிராக இரண்டு கதவுகளைத் திறந்து வைத்து, எதில் நுழைய வேண்டும் என்று விரலும் நீட்டுகிறார். அறம் பேசுகிறவருக்கு இந்த முரண் இல்லாமல் தீராது. எங்கள் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வதும் இந்த முறையில்தான்.

நம்மாழ்வார் தீர்ப்பே சொல்வதில்லை. திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் மூன்றாம் பதிகம், இன்று ஒப்பிலியப்பன் கோயில் என்று நாம் அழைக்கும் திருவிண்ணகரைப் பாடுகிறது. அதில் இறைவனுக்கு அடுக்கப்படுபவை பெரும்பாலும் எதிர் இணைகள்: வறுமை, செல்வம், நரகம், சுவர்க்கம், பகை, நட்பு, விஷம், அமுதம், தண்டனை, அருள். இவை எல்லாமாகவும் இருப்பவன் அவனே என்கிறார். 'இதுவா? அதுவா?' என்று கேட்டே பழகிய என் நாக்குக்கு இந்தப் பதிகத்தில் வேலை இல்லை.

கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் விழா. மனநிறைவு தருவது செல்வமா, பக்தியா என்று தலைப்பு. பக்திக் கட்சியில் பேசிய நான் இந்தப் பதிகத்தை விவரித்துவிட்டு இறங்கினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, வறுமையும் அவன்தான்னு சொன்னியே, அப்ப வறுமையைப் போக்குன்னு நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"அவர்கிட்டயேதான் கேக்கணும் பாட்டி. இதைப் பாடினவரே அந்த ஆறாம் பத்து முடியறதுக்குள்ள திருவேங்கடமுடையான் காலைப் பிடிச்சுட்டாரே" என்றேன்.

"அவர் ஆழ்வார்மா" என்று சொல்லிவிட்டுப் பாட்டி பிரசாத வரிசைக்குப் போய்விட்டார்.

இந்தக் கேள்விக்குத் தத்துவத்தில் விடை உண்டு. ராமானுஜர் வழியில் உலகம் உடல், இறைவன் அதனுள் உறையும் உயிர். பிள்ளைப் பருவமும் முதுமையும் உடலுக்கு நேர்கின்றன, ஆன்மாவைத் தொடுவதில்லை. அதுபோல உலகின் குறைகள் அவனைத் தொடா, ஆனால் அவனை விட்டு விலகிய பொருள் என்று எதுவும் இல்லை. தர்க்கத்தில் ஓட்டை இல்லாத விடைதான். ஆனால் பாட்டி கேட்டது தர்க்கத்தை அல்ல.

எனக்கு வெளிச்சம் தந்தது பதிகங்களின் வரிசை. திருவிண்ணகர்ப் பதிகத்துக்கு முந்தைய பதிகத்தில் ஆழ்வார் ஓர் ஆய்ச்சியாக மாறிக் கண்ணனோடு ஊடுகிறார். தாமதமாக வந்தவனை உள்ளே விடாமல், எடுத்துக்கொண்ட விளையாட்டுச் சாமான்களை வைத்துவிட்டு நடையைக் கட்டச் சொல்கிறார். அவ்வளவு கோபத்தில் இருந்தவரையும் அவன் தன்னோடு சேர்த்துக்கொண்டான். சேராதவற்றைச் சேர்க்கும் அந்தத் திறத்தை வியந்தே அடுத்த பதிகம் பிறக்கிறது என்று உரைகாரர்கள் இரண்டையும் இணைக்கிறார்கள். அப்படியானால் பகையும் நட்பும் அவனே என்றவர், பகைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ந்தவர். வேடிக்கை பார்த்தவர் அல்ல.

இரண்டையும் ஒன்றாக்கும் முரண், தன்மை இடத்தில் நின்று சொல்ல வேண்டியது என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது. என் நோயும் அவனே என்று நான் சொன்னால் அது பக்தி. உன் நோயும் அவனே என்று படுத்திருப்பவரிடம் போய்ச் சொன்னால் அது கொடுமை. பிறர் துன்பத்துக்கு முன்னால் வள்ளுவர் எப்படிப் பேசினார் என்பதை இரவச்சம் அதிகாரத்தில் பார்க்கலாம். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தைப் படைத்தவனும் அப்படியே அலைந்து கெடட்டும் என்கிறார். வறுமைக்கும் செல்வத்துக்கும் நடுவே அங்கே சமரசம் கிடையாது.

இப்போதும் மேடையில் திருவிண்ணகர்ப் பதிகத்தைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் கசந்ததையும் இனித்ததையும் பற்றிப் பேசும்போது மட்டும் சொல்கிறேன். பேச்சு அடுத்த வீட்டுப் பசியைப் பற்றி என்றால், தலைப்பு எதுவாக இருந்தாலும் நான் வள்ளுவர் கட்சி.