மறைத்தலும் அருளும்: காட்டுப்பாதைப் பெட்டிகள் எழுப்பும் வினா

ஒன்றைப் பிறர் அடைய வேண்டும் என்று உளமார விரும்புபவர், அதை அவர்கள் கண்ணில் படாதபடி மறைத்து வைப்பது ஏன் என்பது சமயத் தத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. எல்லா உயிர்களும் தன்னை அறிய வேண்டும் என்பது இறைவனின் திருவுள்ளம் என்றும், ஆயினும் அவன் எளிதில் காணப்படுவதில்லை என்றும் ஒருசேரச் சொல்லும் சமயம் எதுவாயினும் இவ்வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. அமெரிக்காவின் மாநிலப் பூங்காக்களில், மலையேறுவோர் நடக்கும் காட்டுப்பாதைகளை ஒட்டி ஆடப்படும் ‘லெட்டர்பாக்ஸிங்’ என்னும் விளையாட்டு இவ்வினாவை மிக எளிய வடிவில் நம்முன் வைக்கிறது. மறைப்பவரும் தேடுபவரும் மனிதர்களே ஆதலாலும், மறைப்பவரின் நல்லெண்ணத்தில் ஐயம் இல்லை ஆதலாலும், மறைத்தல் என்ற செயலை மட்டும் தனியே எடுத்து ஆராய அங்கு வழி கிடைக்கிறது.

விளையாட்டின் முறை இது: ஒருவர் தம் கையாலேயே செதுக்கிய ஒரு ரப்பர் முத்திரையையும் ஒரு சிறு குறிப்பேட்டையும் ஈரம் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் இட்டு, பாதையிலிருந்து சற்று விலகி, விழுந்து கிடக்கும் மரத்தின் அடியிலோ பாறை இடுக்கிலோ வைத்து, மரப்பட்டையாலும் சருகாலும் மூடிவிட்டு, அவ்விடத்தை அடையும் வழியைத் துப்புகளாக எழுதி வெளியிடுகிறார். பாதை பிரியும் இடத்தில் நின்று திசைகாட்டியில் இத்தனை பாகை நோக்கித் திரும்பி, இத்தனை அடி நடந்து, இரட்டைத் தண்டுள்ள மரத்தின் பின்புறம் பார்க்கவும் என்பது போன்று அவை அமையும். சில, விடுகதையாகவும் இருக்கும். கண்டெடுப்பவர் தம் சொந்த முத்திரையைப் பெட்டியின் குறிப்பேட்டில் பதித்து, தேதியையும் தமக்கென வைத்துக்கொண்ட புனைபெயரையும் எழுதி, பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொண்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே மூடி மறைத்துவிட்டுச் செல்ல வேண்டும். அவர் எடுத்துச் செல்வது தாளில் படிந்த மை மட்டுமே. அந்த மையில் தெரிவது பெரும்பாலும் அவ்விடத்துக்கே உரிய ஒரு பறவையோ இலையோ பழைய ஆலையோ ஆகும். உருவம் நேராகப் பதிய வேண்டுமாயின் ரப்பரில் அதை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதால், முகம் அறியாத ஒருவருக்காகச் செலவான உழைப்பு அதில் வெளிப்படையாகவே தெரியும்.

இவ்வழக்கம் அமெரிக்காவில் தோன்றியதன்று. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில், சாக்ஃபர்ட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, 1854-இல் கிரேன்மியர் குளம் என்று பெயர்பெற்ற சதுப்பு இடத்தில், அங்கு வந்து சேர்வோர் தம் பெயர் அட்டைகளை இட்டுச் செல்லட்டும் என்று ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அது மறைத்து வைக்கப்பட்ட பொருளே அன்று. தொலைவும் சேறும் வழி தெரியாமையுமே அதற்குத் திரையாக இருந்தன. பின்னர் அவ்விடத்தில் பெட்டி வந்தது. வந்தவர் தம் முகவரியிட்ட அஞ்சலட்டையையோ கடிதத்தையோ அதில் விட்டுச் செல்வார், அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார். தன்னை அறியாத ஒருவர் நாளையோ அடுத்த மாதமோ வருவார், வந்து தன் கடிதத்தைச் சுமந்து செல்வார் என்ற நம்பிக்கையன்றி வேறு உறுதி எதுவும் அதில் இல்லை. இவ்விளையாட்டின் வரலாற்றில் சமயத்துக்கு மிக அணுக்கமான பகுதி இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. 1998 ஏப்ரலில் ‘ஸ்மித்சோனியன்’ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றின் வழியாக அமெரிக்கர் பலர் இதை அறிந்து, தங்கள் காடுகளிலும் பூங்காக்களிலும் பெட்டிகள் வைக்கத் தொடங்கினர்.

வினாவுக்குத் திரும்பினால், இங்கு மறைத்தல் குற்றமாகாமல் இருப்பதற்குக் காரணம் துப்பு என்பது தெளிவாகும். துப்பு எழுதாமல் ஒரு பெட்டியைக் காட்டில் ஒளித்து வைப்பவர் விளையாடவில்லை, வெறுமனே ஒரு பொருளை ஒளிக்கிறார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல், அவர் மறைவுக்குப் பின் 1670-இல் வெளிவந்த ‘பான்சே’ என்னும் நூலில், காண விரும்புவோருக்குப் போதுமான ஒளியையும் விரும்பாதோருக்குப் போதுமான இருளையும் இறைவன் வைத்திருக்கிறான் என்ற கருத்தை முன்வைத்தார்; துப்போடு கூடிய மறைப்பு என்பதே அதன் சாரம். ஆனால் கனடா நாட்டுத் தத்துவ அறிஞர் ஷெல்லன்பெர்க் 1993-இல் வெளியிட்ட நூலில் இதற்கு வலுவான மறுப்பு உண்டு: காண மறுக்காதவராகவும் நேர்மையாகத் தேடுபவராகவும் இருந்தும் காணாதவர் உலகில் இருக்கிறார்கள் என்றால், அன்பே வடிவான இறைவன் இருக்கிறான் என்பது ஐயத்துக்கு உரியதாகிவிடும் என்பது அவர் வாதம்.

இம்மறுப்பின் கூர்மை காட்டுப்பாதையில் நன்கு விளங்கும். வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாலோ, மரம் வெட்டப்பட்டதாலோ, விவரம் அறியாத ஒருவர் குப்பை என்று எடுத்துச் சென்றதாலோ பெட்டி இல்லாமற் போவதுண்டு. துப்பு மட்டும் அப்படியே நிற்கும். அடிகளைச் சரியாக எண்ணி, மரத்தை அடையாளம் கண்டு, சருகைக் கிளறிப் பார்த்து, வெறுங்கையோடு நிற்கும் ஒருவருக்கு, தாம் தவறவிட்டோமா, இல்லை பொருளே அங்கு இல்லையா என்பதை அவ்விடத்தில் நின்றபடி அறிய எந்த வழியும் கிடையாது. விளையாட்டில் அவர் வைத்தவருக்குச் செய்தி அனுப்பலாம். வைத்தவர் நேரில் வந்து பார்க்கலாம். இறைவனைத் தேடிக் களைத்தவருக்கு அத்தகைய வெளிச்சான்று எதுவும் இல்லாதிருக்க, சரியாகத் தேடவில்லை என்று அவர்மீதே பழியைச் சுமத்துவது, பக்தியின் பெயரால் செய்யப்படும் கொடுமை.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் வேறு வழியில் செல்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலையும் அது ஒன்றாகச் சேர்க்கிறது. ‘உண்மை விளக்கம்’ என்னும் நூல், ஆடவல்லானின் ஊன்றிய திருவடியில் மறைத்தலையும் தூக்கிய திருவடியில் அருளலையும் கண்டு காட்டுகிறது. இங்கு மறைக்கப்படுவது ஓர் இடத்தில் இருக்கும் பொருள் அன்று. உயிரின் அறிவை இயல்பாகவே மூடி நிற்பது ஆணவம் எனப்படும் மலம், அதாவது அனாதியான அழுக்கு. திரோதான சக்தி என்னும் இறையாற்றல் அம்மலத்தைச் செயற்படுத்தி, உயிரை உலக நுகர்ச்சியில் ஈடுபடுத்தி, மலம் முதிர்ந்து வலி குன்றும் வரை தன்னைக் காட்டாமல் உடனிருந்து நடத்துகிறது. இந்த முதிர்ச்சியே மலபரிபாகம் எனப்படும். ஆகவே காணாமை தேடுபவரின் சோம்பலால் வந்த தோல்வி ஆகாது, அவர் இருக்கும் நிலை ஆகும். அதை மாற்றும் பொறுப்பும் பெரும்பகுதி மறைத்தவனையே சாரும். ஷெல்லன்பெர்க்கின் வினாவுக்கு இது முழு விடை ஆகிவிடும் என்று சொல்ல இயலாது. இத்தனை காலம் ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆயினும் வெறுங்கையோடு நிற்பவரைக் குற்றவாளியாக்காத ஒரு விடை என்ற அளவில், பாஸ்கல் சொன்னதைவிட இது கருணை மிக்கது.

கண்டவரின் கடமை பற்றியும் ஒன்று எண்ண வேண்டியிருக்கிறது. பெட்டியைக் கண்டவர் உடனே மறைப்பவர் ஆகிறார். முன்பு சருகு எப்படி மூடியிருந்ததோ அப்படியே மூடிவிட்டு, அருகில் எவரேனும் கடந்து சென்றால் அவர் போகும் வரை காத்திருந்து, இடத்தை வெளியே சொல்லாமல் திரும்புகிறார். இதற்கு நேர் எதிரான செயலைத் தமிழ் வைணவ மரபு போற்றுகிறது: திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து சென்று திருவெட்டெழுத்தின் பொருளைப் பெற்ற இராமானுசர், பிறருக்குச் சொல்லலாகாது என்ற கட்டளையை மீறி, கோயிலின் உயரத்தில் நின்று அனைவருக்கும் அதை வெளியிட்டார் என்று குருபரம்பரை வரலாறுகள் கூறும். இரண்டும் முரண் போலத் தோன்றினாலும், மீறப்பட்டது எது என்று பார்த்தால் முரண் கரையும். லெட்டர்பாக்ஸிங்கிலும் துப்பை ஊரறிய வெளியிடாமல் தெரிந்த சிலருக்கு மட்டும் வாய்மொழியாகச் சொல்லும் பெட்டிகள் உண்டு. இராமானுசர் உடைத்தது அவ்வகை மறைப்பை, அதாவது வழியையே சிலருக்கென வைத்துக்கொள்ளும் வழக்கத்தை. வழியை அறிந்த பின்னும் அவ்வெட்டெழுத்தை ஓதி வாழ வேண்டியவர்கள் கீழே கூடிநின்ற மக்களே. அந்த நடையை அவர்களுக்குப் பதிலாக அவர் நடந்துவிடவில்லை. கனெக்டிகட் மாநில அரசின் வனத்துறை தன் வனங்களில் தானே பெட்டிகளை வைத்து, அவற்றின் துப்புகளை வேண்டுவோர் எவரும் படிக்கும்படி வெளியிட்டிருப்பதும் இம்முறையைச் சேர்ந்ததே: வழி எல்லோருக்கும் பொது, பெட்டி மட்டும் காட்டுக்குள் மூடியபடி இருக்கிறது.