பிறருக்காகக் கேட்பவன்

இரப்பதைப் பற்றி வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். 'இரவு' கேட்பதற்கு இடம் கொடுக்கிறது. 'இரவச்சம்' கேட்கவே கூசுகிறது. இந்த முரணுக்கு உரையாசிரியர்கள் சமாதானம் சொல்லியாகிவிட்டது. என் கவனம் இரண்டாவது அதிகாரத்தில் வரும் ஒரு பசுவின் மேல். அந்தப் பசுவுக்காக ஒருவன் தண்ணீர் கேட்கிறான். தனக்காகக் கேட்கவில்லை. பசுவால் வாய்திறந்து கேட்க முடியாது. கேட்பதும் வெறும் தண்ணீர். இத்தனை சலுகைகளும் இருந்தும் வள்ளுவர் அவனை விடுவதில்லை. அவன் நாக்குக்கும் இழுக்கு உண்டு என்றே தீர்ப்பளிக்கிறார். தர்மத்தில் சேர வேண்டிய ஒரு செயலுக்கு ஏன் இந்தக் கடுமை என்பதை நாம் அதிகம் யோசித்ததில்லை என்று தோன்றுகிறது.

இன்று அதை யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. பசுவுக்காகத் தண்ணீர் கேட்பவன் இப்போது மாதச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தன். பிரிட்டனில், புற்றுநோய் கண்ட இளம் வயதினருக்காக இயங்கும் 'டீனேஜ் கேன்சர் ட்ரஸ்ட்' போன்ற அறக்கட்டளைகளில், பிராந்திய நிதி திரட்டுபவர் என்று ஒரு பதவி உண்டு. அவருக்கென்று சில மாவட்டங்கள், வருஷத்துக்கு இவ்வளவு என்று ஓர் இலக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேக் செய்து விற்க ஏற்பாடு செய்வது, கடைவீதியில் வாளி ஏந்தி நிற்கத் தொண்டர்களைப் பிடிப்பது, அதற்கு நகராட்சியிடம் அனுமதி வாங்குவது, முத்திரையிட்ட வாளிகளை இரண்டு பேராக இருந்து திறந்து எண்ணுவது, லண்டன் மாரத்தானில் அறக்கட்டளையின் சார்பில் ஓடுகிறவர் ஒப்புக்கொண்ட தொகையைச் சேர்த்துவிட்டாரா என்று நயமாக விசாரிப்பது, வரி கட்டுகிற நன்கொடையாளரிடம் கையெழுத்து வாங்கி ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கத்திடமிருந்து இன்னொரு 25 பென்ஸ் பெறுவது, ஆளுயரக் காசோலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பது, ராத்திரி ரோட்டரி கூட்டத்தில் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் பத்து நிமிஷம் பேசுவது, மறுநாள் எல்லோருக்கும் நன்றிக் கடிதம் எழுதுவது: இவை அவருடைய நாட்கள். வங்கியில் டெபாசிட் திரட்டும் மாதத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. ஒரே வித்தியாசம், நாங்கள் வட்டி கொடுக்கிறோம்.

இந்த உத்தியோகத்தின் மேல் வழக்கமாக எழும் ஆட்சேபம் சம்பளம் பற்றியது. தர்மக் காசில் பங்கு எடுக்கலாமா என்பார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. வார்டில் ஊசி போடும் நர்ஸும் சம்பளம் வாங்குகிறார். கூலி வாங்காத தர்மமே சுத்தமானது என்பவர்கள், வேறு வருமானம் உள்ளவனே தர்மம் செய்யலாம் என்று தம்மையறியாமல் விதிக்கிறார்கள். இன்னொரு ஆட்சேபம் தொந்தரவு பற்றியது. 2015-ல் பிரிட்டனில், வயதானவர்களுக்கு வேண்டுகோள் கடிதங்கள் கட்டுக்கட்டாகப் போவதும், அவர்களுடைய முகவரிகள் அறக்கட்டளைகளுக்கிடையே கைமாறுவதும் பெரிய சர்ச்சையாயின. மறுவருஷம் நிதி திரட்டலைக் கண்காணிக்கவென்றே ஓர் அமைப்பு ஏற்பட்டது. இது கொடுப்பவருக்கு நேரும் தீங்கு. இதற்கு விதி எழுதிவிடலாம். எவன் பெயரால் கேட்கப்படுகிறதோ அவனுக்கு நேரும் தீங்கு வேறு. அதற்கு விதி எழுதுவது கடினம்.

முதலில், என்ன கேட்கப்படுகிறது? பிரிட்டனில் சிகிச்சை அரசாங்கச் செலவு. மருந்துக்காகவும் அறுவைக்காகவும் யாரும் வாளி ஏந்த வேண்டியதில்லை. ஆனால் பதினாறு வயதுக்காரனை எங்கே படுக்கவைப்பது? ஒரு பக்கம், சுவரில் முயலும் கரடியும் வரைந்த குழந்தைகள் வார்டு. மறுபக்கம், எண்பது வயதுக்காரர்கள் இருமிக்கொண்டிருக்கும் வார்டு. இரண்டிலும் அவன் அந்நியன். 1990-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இந்த வயதினருக்கென்று ஒரு தனிப் பகுதியை மேற்படி அறக்கட்டளை திறந்தது. இன்று பல மருத்துவமனைகளில் அத்தகைய பகுதிகள் இருக்கின்றன. பதின்மூன்றிலிருந்து இருபத்துநாலு வயது வரையானவர்களுக்கு. அங்கே நண்பர்கள் வந்து உட்கார இடம் இருக்கும், பாட்டுக் கேட்கலாம், அந்த வயதின் கோபமும் வெட்கமும் தெரிந்த நர்ஸ்கள் இருப்பார்கள். ஆக, நிதி திரட்டுபவர் கேட்பது ஒருவன் தன் வயதில் இருப்பதற்கான வசதி. நோய் வந்தாலும் பதினாறு பதினாறாகவே இருக்கட்டும் என்கிறார். இது நுட்பமான கோரிக்கை. கடைவீதியில் குடையோடு போகிறவருக்கு இதை அரை நிமிஷத்தில் சொல்ல முடியாது. 'உயிர்' என்று சொன்னால் உடனே புரியும். சோபா என்றும் நர்ஸ் என்றும் சொல்வதற்குப் பதில் உயிர் என்று சொல்லிவிடும் சபலம் ஒவ்வொரு நாளும் அவருடைய நாக்கில் இருக்கிறது.

உயிர் என்று சொன்னால், அடுத்து ஒரு முகம் வேண்டும். இந்த முகத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1948 மே 22-ம் தேதி அமெரிக்க வானொலியில் ஒரு நிகழ்ச்சி. பாஸ்டன் மருத்துவமனையில் படுத்திருந்த பன்னிரண்டு வயதுப் பையனுடன் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவன் ஆராதிக்கும் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் நுழைகிறார்கள். பையனுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் கிடைக்கும் என்று நேயர்களிடம் கேட்கப்பட்டது. இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. பெயரை மறைப்பதற்காக அவனை 'ஜிம்மி' என்றார்கள். ஜிம்மி நிதி இன்றும் இருக்கிறது. அந்தப் பையன் பிழைத்து, ஊருக்குப் போய், பிற்பாடு லாரி ஓட்டிப் பிழைத்தான். 1998-ல், ஐம்பது வருஷம் கழித்து, ஐனார் குஸ்டாஃப்சன் என்ற தன் பெயரோடு அவர் வெளியே வந்தபோது பலருக்கு ஆச்சரியம். ஜிம்மி எப்போதோ செத்திருப்பான் என்றே நினைத்திருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் நினைக்கவில்லை. பணத்துக்கு வேண்டியிருந்தது ஒரு ராத்திரியின் குரல் மட்டுமே. அதற்குப் பின் அந்தப் பையன் என்ன ஆனான் என்பது கதைக்கு அவசியப்படவில்லை.

அதே பாஸ்டனில், அதே காலத்தில், ஜிம்மி நிதிக்குக் காரணமான டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்குவதைக் கண்டார். அந்த மருந்து லெடர்லே ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் உருவானது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கடல் தாண்டிப் போனவர். 1948 ஆகஸ்டில் இறந்தார். அவர் முகம் நம்மிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? மருந்து வேலை செய்ய முகம் தேவைப்படவில்லை. பணம் வருவதற்குத் தேவைப்படுகிறது.

குழந்தையின் முகத்தைப் பெரியவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். வாலிபன் விஷயம் வேறு. அவன் தன் முகத்தைத் தானே கையில் எடுத்துக்கொள்ள முடியும். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் பதினெட்டு வயதில், 1977-ல், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓட ஆரம்பித்தார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். அடுத்த ஜூனில் இறந்தார். கனேடியர் ஒருவருக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்ட தொகை அவர் உயிரோடிருந்தபோதே வந்துசேர்ந்தது. இங்கிலாந்தின் ஸ்டீஃபன் சட்டன், சாவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று 46 காரியங்களைப் பட்டியலிட்டார். டீனேஜ் கேன்சர் ட்ரஸ்டுக்கு 10,000 பவுண்டு சேர்ப்பது அவற்றில் ஒன்று. 2014 மே மாதம் பத்தொன்பது வயதில் இறந்தார். சேர்ந்த தொகை கடைசியில் 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது. இங்கே பசுவே வாய்திறந்துவிட்டது. அதுவும் மற்றப் பசுக்களுக்காக. கேட்பதில் ஏதாவது கௌரவம் உண்டென்றால் அது இவர்களுடையது. இவர்களைக் குறைசொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.

சங்கடம் இவர்களுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. கட்டைவிரலை உயர்த்திச் சிரித்த சட்டனின் படம் உலகம் சுற்றிய பிறகு, அடுத்த கட்டிலில் இருப்பவனுக்கு அது ஓர் அளவுகோலாகிவிடுகிறது. அவன் சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அம்மாவிடம் எரிந்துவிழுகிறான். தைரியம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவனுக்குக் குமட்டுகிறது. அவனுக்குக் கதை இல்லை; இருந்தாலும் சொல்ல மாட்டான். நிதி திரட்டுபவர் அவனிடம் போவதில்லை. போகாதது சரிதான். ஆனால் ரோட்டரி மேடையில் அவர் சிரித்தவர்களைப் பற்றியே பேசிப் பேசி, புற்றுநோய் கண்ட இளைஞன் என்றால் தைரியசாலி என்று ஒரு பிம்பத்தை ஊரில் நிலைநாட்டிவிட்டால், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவன் தன் நோயிலும் தோற்றவனாகிறான். டெர்ரி ஃபாக்ஸ் இதை அறிந்திருந்தார். 1979-ல் ஆதரவு கேட்டு எழுதிய கடிதத்தில், தான் இருந்த வார்டில் சிரித்த முகங்களோடு, சிரிப்பதையே விட்டுவிட்ட முகங்களையும் சேர்த்துக் குறிப்பிடுகிறார். பிற்காலச் சுவரொட்டிகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டன.

அந்த இரண்டாவது முகத்துக்கு நிதி திரட்டுபவர் என்ன செய்ய முடியும்? பணத்தின் சுபாவம் இங்கே அவருக்குத் துணை வருகிறது. கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: கட்டிய பணத்துக்கு ஞாபகம் கிடையாது. யார் கட்டினார்கள், எந்த மனநிலையில் கட்டினார்கள் என்பதெல்லாம் சலானோடு போயிற்று. பணத்தை இதற்காகத் திட்டுவது இலக்கியவாதிகளின் வழக்கம். வார்டில் இந்த மறதி ஒரு கருணை. சிரித்தவன் முகத்தைப் பார்த்துக் கொடுத்த காசு, சிரிக்காதவனின் கட்டிலுக்கும் போகிறது. தகுதி விசாரிக்காமல் போகிறது. ஒரு முகத்தைக் காட்டி வாங்கியதை முகமற்றதாக்கி எல்லோருக்கும் பரப்புவதில்தான் அவருடைய தொழிலுக்கு நியாயம் இருக்கிறது.

இந்த மறதியைக் கொடுப்பவர்கள் சுலபமாக அனுமதிப்பதில்லை. இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த தொகையை வேறெதற்கும் செலவிடக்கூடாது என்பது அங்கே சட்டம். எல்லோருக்கும் தாங்கள் பார்த்த முகத்துக்கே போய்ச் சேர வேண்டும். நர்ஸின் சம்பளத்துக்கும் கூரை ரிப்பேருக்கும் போனால் மனசு ஒப்பாது. இதைவிடக் கடினமானவர்கள் பெற்றோர்கள். இறந்த மகன் பெயரில் வருஷா வருஷம் ஒரு கால்பந்துப் போட்டி நடத்தி, வசூலைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பணம் முழுக்க முழுக்க ஞாபகம். முதல் வருஷம் ஊரே வரும். வருஷங்கள் போகப் போக மைதானத்தில் ஆள் குறையும், தொகையும் குறையும். இலக்கை நோக்கி ஓடும் அலுவலகத்துக்கு அது ஒரு சின்ன வரவு. அந்தச் சனிக்கிழமை மழையில் அங்கே போய் நிற்பதா, பெரிய கம்பெனி ஒன்றின் விருந்துக்குப் போவதா என்று நிதி திரட்டுபவர் தீர்மானிக்க வேண்டும். அவருடைய தார்மீகம் பரீட்சிக்கப்படுவது இப்படிப்பட்ட சனிக்கிழமைகளில் என்று நான் நினைக்கிறேன். இலக்குத் தாளில் இதற்குப் பத்தி கிடையாது.

பசுவுக்கும் பதினாறு வயதுக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தை இனிச் சொல்லிவிடலாம். பசு துண்டுப் பிரசுரம் படிப்பதில்லை. இவன் படிப்பான். தன்னைப் பற்றி எழுதியதைத் தன் நண்பர்கள் படிப்பார்கள் என்பதும் இவனுக்குத் தெரியும். பதினேழு வயதில் சம்மதித்தவன், பிழைத்து, இருபத்தேழு வயதில் வேலை தேடிப் போகும்போது தன் மொட்டைத்தலைப் படம் எங்கோ தொங்கிக்கொண்டிருப்பதை விரும்பாமலிருக்கலாம். அப்போது அதை இறக்கிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. ஆகவே நிதி திரட்டுபவருக்கு ஒரே ஒரு சோதனை போதும்: மேடையில் சொல்லப்போகும் வாக்கியத்தை அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே குரலில் சொல்ல முடியுமா? முடியாத வாக்கியம், எத்தனை ஆயிரம் கொண்டுவந்தாலும், அவனிடமிருந்து எடுத்ததுதான்.

நம் சிறுகதைகளில் வரும் குஷ்டரோகிகளையும் பட்டினிக் குழந்தைகளையும் இந்தச் சோதனையில் நிறுத்திப் பார்க்கலாம். அவர்கள் படிக்கமாட்டார்கள் என்ற நிச்சயத்தில் எழுதப்பட்ட வாக்கியங்கள் நம்மிடம் ஏராளம். நிதி திரட்டுபவர் வாங்கியதை வார்டுக்காவது அனுப்பிவிடுகிறார். நாம் வாங்கியது நம் பெயரிலேயே வரவாகிறது.

வள்ளுவரின் கடுமை இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. பசுவுக்குத் தண்ணீர் கேட்காதே என்று அவர் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பசு தாகத்தில் சாக அவர் சம்மதித்திருக்க மாட்டார். காரணம் நல்லது என்பதால் நாக்கு தன் கூச்சத்தை விட்டுவிடக்கூடாது என்கிறார். அந்தக் கூச்சம் இருக்கிறவரை, கேட்பவன் பசுவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்பான். போய்விட்டால், பசு ஒரு சாதனமாகிவிடும். இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தால் நன்றாயிருக்குமே என்றுகூடத் தோன்றிவிடும். கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தவரை இந்த வேலைக்குத் தேடுவது இயல்பு. கூச்சம் தீராதவரையே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வசூல் சற்றுக் குறையலாம்.