கற்றுத் தருவது திரையா, நீங்களா?

 



ஹிரா குகையில் முதல் வஹ்யி எப்படி வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். ஓதும்படி வானத்திலிருந்து வெறும் சப்தம் மட்டும் வந்துவிடவில்லை. ஜிப்ரீல் (அலை) அவர்களே வந்தார்கள். நபி (ஸல்) அவர்களை மூன்று முறை இறுகக் கட்டியணைத்தார்கள். பிறகுதான் ஓதிக் கொடுத்தார்கள். இல்மின் முதல் பாடமே ஆசிரியரின் அணைப்போடு தொடங்கியிருக்கிறது.

இன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை அழுதால் செல்போன். சோறு உண்ணவில்லையென்றால் செல்போன். "ஹழ்ரத், எம் புள்ள ஏ, பி, சி, டி எல்லாத்தையும் அதுல பாத்தே படிச்சிருச்சு" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்கிறார்கள். எழுத்தின் பெயரைத் திருப்பிச் சொல்வது வேறு, பேச்சும் பழக்கமும் பிள்ளையின் உள்ளே வேர் பிடிப்பது வேறு.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து விளையாடினார்கள்; புத்தகம் படித்துக் காட்டினார்கள். இப்படி 12 அமர்வுகள். இன்னொரு பிரிவினருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். முடிவு என்ன? நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் நுட்பமான ஒலிகளைப் பிரித்தறிந்தன. வீடியோவில் பார்த்த குழந்தைகளோ, அந்த மொழியைக் கேட்டே இராத குழந்தைகளைப் போலத்தான் இருந்தன.

ஏன் இந்த வித்தியாசம்? நேரில் இருப்பவர் குழந்தையின் கண் போகும் இடத்தைப் பார்க்கிறார். அது சிரித்தால் சிரிக்கிறார். அது தடுமாறினால் நிறுத்துகிறார். வீடியோ யாருக்காகவும் நிற்காது.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் வருகிறது. சாப்பிடும்போது அவருடைய கை தட்டு முழுவதும் அலைந்தது. நபியவர்கள் அதைக் கண்டார்கள். அல்லாஹ்வின் பெயர் சொல்லவும், வலது கையால் உண்ணவும், தனக்கு அருகில் இருப்பதை எடுக்கவும் அந்த இடத்திலேயே அன்போடு சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அப்படியே உண்டு வந்தேன் என்று அவரே அறிவிக்கிறார். ஒரே தடவை சொன்னது ஆயுளுக்கும் நின்றது. காரணம், சொன்னவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துபாயிலும் சவூதியிலும் இருந்துகொண்டு பிள்ளைகளை நினைத்து ஏங்கும் தகப்பன்மார்கள் நம் மஹல்லாவில் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஓர் ஆறுதல். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் பதிவு செய்த வீடியோவிலிருந்து புதிய சொற்களைக் கற்கவில்லை. ஆனால் வீடியோ அழைப்பில் பதிலுக்குப் பதில் பேசியவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆகவே அழையுங்கள், பேசுங்கள், பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பதில் கொடுங்கள். அங்கே பிள்ளை வெறும் திரையைப் பார்க்கவில்லை, தன் அத்தாவைப் பார்க்கிறது.

ஆனால் உள்ளூரிலேயே இருக்கும் தகப்பன்மார்களே, உங்களிடம் ஒரு கேள்வி. பிள்ளை "அத்தா, அத்தா" என்று கூப்பிடும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது? கடல் கடந்து இருப்பவர் பிள்ளையோடு இருக்கிறார். நாம் ஒரே பாயில் உட்கார்ந்தும் தூரமாக இருக்கிறோமே!

அப்படியானால் கம்ப்யூட்டர் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. வயதையும் விதத்தையும் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை வரை திரையின் முன் உட்கார வைக்கவே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டியது. வளர்ந்த பிள்ளைகளுக்காக, 1960-களிலேயே சீமோர் பாப்பர்ட் என்ற கல்வியாளர் தம் சகாக்களோடு 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதில் பிள்ளை கட்டளையிடும். திரையில் ஆமை நகர்ந்து கோடு வரையும். கோடு தவறினால் பிள்ளையே யோசித்துத் திருத்தும். எனவே நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: கட்டளையிடுவது பிள்ளையா, கருவியா?

சகோதரர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளி, உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழி நமக்குத் தெரியும். நாளை மறுமையில் கேள்வி செல்போனிடம் கேட்கப்படாது. நம்மிடம்தான் கேட்கப்படும்.

இன்று இரவே தொடங்குங்கள். செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு ஒரே சஹனில் அமருங்கள். பிஸ்மில்லாஹ்வை உங்கள் வாயிலிருந்து கேட்டுப் பழகட்டும். தூங்கும் முன் ஒரு நபியின் வரலாற்றை நீங்களே சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குச் சலிக்காமல் பதில் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களுக்காக நேரம் ஒதுக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக! தூரத்தில் உழைக்கும் தகப்பன்மார்களை அவர்களின் மக்களோடு சேர்த்து வைப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.