பரணை எங்கே கட்டுவது?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நான்கு மாதம் விஸ்கான்சினில் இருந்தேன். நான் வேலை செய்யும் நிறுவனம் மழைநீரை நிலத்துக்கடியில் தேக்கி வைக்கும் தொட்டிகளை விற்கிறது. அவற்றைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனத்தில் பயிற்சி. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். ஊருக்கு வெளியே 20 ஏக்கர் நிலத்தில் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை, “நாளைக்கு மான் வேட்டைக்குப் பரண் போடணும். ஏணி பிடிக்க ஆள் வேணும், வர்றியா?” என்று கேட்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “அந்த வாயில்லா ஜீவன் உன்னை என்னடா பண்ணுச்சு?” என்றார். ‘நான் ஏணிதான் பிடிக்கப் போறேன்’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஏணி பிடிப்பவனுக்குப் பொறுப்பு இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன் போல.

அவர்கள் ‘ட்ரீ ஸ்டாண்ட்’ என்று சொல்வதற்கு நம்மிடம் பரண் என்ற வார்த்தை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வேலை நேர் எதிர். குறிஞ்சிப்பாட்டின் தலைவி தினைப்புனத்துப் பரணில் இருந்து கிளி ஓட்டுகிறாள். அந்தப் பரண் பார்க்கப்படுவதற்காக, கேட்கப்படுவதற்காக இருக்கிறது. ‘ஆள் இருக்கு, போயிடு’ என்பதுதான் அதன் செய்தி. விஸ்கான்சின் பரணின் வேலை, ஆள் இல்லை என்று மானை நம்ப வைப்பது. மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் ஓர் இரும்பு இருக்கை. விழாமல் இருக்க இடுப்பும் தோளும் சேர்த்துக் கட்டும் வார். கையில் வில். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும்.

எங்கே உட்காருவது என்பது பெரிய வித்தை. முதல் கணக்கு காற்று. வெள்ளைவால் மான் கண்ணைவிட மூக்கைத்தான் நம்புகிறது. மான் வரும் வழிக்கு நம் வாசனை போகாத பக்கத்தில் இருக்க வேண்டும். மாலையில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி இறங்கும், காலையில் வெயில் ஏற ஏற மேடேறும். இரண்டாவது, மான் பகலில் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, நடுவில் எந்த வழியாகப் போகிறது என்பது. மூன்றாவது, நாம் பரணுக்குப் போகும் வழி. மானின் தடத்தைக் குறுக்கே மிதித்துக்கொண்டு போனால் அன்றைக்கு வேலை முடிந்தது. சின்ன நிலத்தில் இது இன்னும் கஷ்டம். நான்கைந்து முறை தப்பாகப் போய் உட்கார்ந்தால், மான்கள் பகலில் அந்தப் பக்கமே வராது.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டா? மேடு பள்ளம், ஓட்டம், எல்லைக்கோடு, எல்லாம் என் பாடம். ஒரு தாளை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டேன்.

நிலம் நீள்சதுரம். கிழக்கு மேற்காக 402 மீட்டர், வடக்கு தெற்காக 201 மீட்டர். கிழக்கு முனையில் ரோடும் வீடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. வடக்கே ஒரு விவசாயியின் சோளக்காடு. தெற்கே தனியாக வாழும் ஒரு வயதான அம்மாவின் காடு. அவர் தன் நிலத்தில் வேட்டைக்கு அனுமதி கொடுப்பதில்லை. அதனாலேயே மான்கள் பகலெல்லாம் அங்கே படுத்துக் கிடக்கும். சாயங்காலம் எழுந்து, இவருடைய நிலத்தைக் கடந்து சோளத்துக்குப் போகும். தெற்கு வேலியில் கம்பி தொய்ந்த ஓர் இடம் இருக்கிறது. தடம் அந்த வழியாகத்தான் வருகிறது. மண்ணில் குளம்புக் குறிகள் அத்தனை தெளிவு.

என் விடை பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. தெற்கு வேலியிலிருந்து 12 மீட்டரில் ஓர் ஓக் மரம். தடத்துக்குக் கிழக்கே 18 மீட்டர். மேற்குக் காற்றடிக்கும் நாளில் வாசனை தடத்துக்குப் போகாது. மாலையில் இறங்கும் காற்றும் கிழக்கேதான் போகும். வீட்டிலிருந்து தடத்தை மிதிக்காமலே போய்விடலாம். எல்லாவற்றையும்விட நேரம். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் சட்டப்படி வில்லை இறக்கிவிட வேண்டும். சோளக்காட்டுப் பக்கம் உட்கார்ந்தால் மான் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடும்.

தாளை நீட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். “கணக்கு சரி. அடிபட்ட மான் எந்தப் பக்கம் ஓடும்?” என்றார்.

அம்பு நுரையீரலில் சரியாகப் பட்டாலும் மான் அதே இடத்தில் விழுவதில்லை. நூறு மீட்டர்கூட ஓடும். அவர் அனுபவத்தில், பெரும்பாலும் தான் புறப்பட்டு வந்த மறைவுக்கே திரும்பி ஓடும். அப்படியானால் என் ஓக் மரத்திலிருந்து எய்யப்படும் மான் அந்த அம்மாவின் காட்டில்தான் போய் விழும். தன் நிலத்தில் ஒரு மானும் சாகக் கூடாது என்று சொன்னவருடைய நிலத்தில். விஸ்கான்சின் சட்டப்படி, அடிபட்ட மானைத் தேடுவதற்காகக்கூட அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. அதே சமயம், வேலிக்கு இந்தப் பக்கம் 12 மீட்டரில் பரண் போடுவது சட்டப்படி அவர் உரிமை.

‘உரிமை இருக்குல்ல?’ என்றேன். “இருக்கு. அவங்க வேணாம்னு சொன்னதாலதான் மான் அங்க இருக்கு. அந்த வேணாமை நான் வாசல்ல உட்கார்ந்து அறுவடை பண்ணக் கூடாது” என்றார்.

பரண் நிலத்தின் நடுவில் ஒரு பாஸ்வுட் மரத்துக்குப் போனது. ஏணியை நான்தான் பிடித்தேன். மான் அங்கே வரும்போது வெளிச்சம் குறைந்திருக்கும். சில சாயங்காலங்களில் வராமலே இருட்டும். தெரிந்தேதான் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டார்.

எனக்கு உள்ளே ஓர் எரிச்சல். அன்று இரவு அதைக் கணக்காக மாற்றி அவரிடம் கொண்டுபோனேன். 201 மீட்டர் அகலத்தில் நட்டநடுவில் நின்றாலும் வேலி நூறு மீட்டரில் இருக்கிறது. மானும் நூறு மீட்டர் ஓடும். ஆக, இந்த 20 ஏக்கரில் பிரச்சினை அடுத்தவருக்குப் போகாத இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்புறம் எதற்கு நல்ல மரத்தை விட வேண்டும்?

“தெரியும்” என்றார். “அதனால்தான் நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன்.”

நானும் கூடப் போனேன். அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார். தேடி வரலாம், வில்லை வேலிக்கு அப்பாலேயே வைத்துவிட்டு வர வேண்டும், முதலில் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சேர்த்தார்: “கிடைக்கலன்னாலும் வந்து சொல்லணும்.”

நம் அகப்பாடல்களில் ‘கெடுதி வினாதல்’ என்று ஒரு துறை உண்டு. வேட்டையில் தப்பிய யானையோ மானோ இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் புனத்துக்கு வந்து கேட்பான். அது பேச்சுக் கொடுப்பதற்கான சாக்கு, மான் முக்கியமில்லை என்றுதான் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அந்த வாசலில் நின்றபோது எனக்கு வேறு மாதிரி தோன்றியது. சாக்காக இருந்தாலும், அது செல்லுபடியாகும் சாக்கு. அடிபட்ட விலங்கு எல்லை தாண்டினால் அந்த நிலத்தைக் காப்பவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற வழக்கம் ஊரில் இருந்திருந்தால்தான் அந்தப் பொய் எடுபடும். விஸ்கான்சின்காரர் செய்ததும் கெடுதி வினாதல்தான். என்ன, மானை இழப்பதற்கு இரண்டு மாதம் முன்பே போய்க் கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு விருப்பப் பாடத்தில் டிராலிச் சிக்கல் படித்தோம். பிலிப்பா ஃபூட் 1967-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தது. தறிகெட்டு ஓடும் வண்டி, ஒரு பக்கம் ஐந்து பேர், இன்னொரு பக்கம் ஒருவர், எந்தப் பக்கம் திருப்புவாய்? வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தினோம். தண்டவாளத்தை அங்கே போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறம் என்றால் அந்தக் கடைசி நொடி என்றே நமக்குப் பழகிவிட்டது. அம்பை விடுவதா வேண்டாமா என்ற நொடி. ஆனால் அந்த நொடியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, யோசிக்க முடிகிறதா என்ன? யோசிக்க நேரமிருந்தது ஆகஸ்டில். யாருக்கும் இன்னும் காயம் படாத, தாளும் பென்சிலும் மட்டும் இருந்த மாதத்தில். மான் எங்கே விழும் என்பதில் பாதியை அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

இதே விஸ்கான்சினில் ஆல்டோ லியோபோல்ட் 1935-இல் ஒரு பாழ்பட்ட பண்ணையை வாங்கினார். ‘எ சாண்ட் கவுன்ட்டி ஆல்மனாக்’ அவர் இறந்த பிறகு 1949-இல் வந்தது. வேட்டைக்காரனைக் கைதட்டவோ கண்டிக்கவோ யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அவன் நடத்தைக்கு அவன் மனசாட்சிதான் நடுவர் என்பது அதில் அவர் சொல்லும் கருத்துகளில் ஒன்று. நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனசாட்சி மட்டும் தனியாகப் போதுமா என்று சந்தேகம். என் மனசாட்சி அந்த ஓக் மரத்தடியில் ஒரு முனகல்கூட இல்லாமல்தான் இருந்தது. பக்கத்து நிலத்தில் இருப்பவரை நடுவராக உட்கார வைத்த பிறகுதான் கேள்வியே வந்தது. லியோபோல்ட் 1948-இல் இறந்தது பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில், மாரடைப்பில். எல்லையைப் பற்றி அவர் எழுதியதைவிட எனக்கு அதுதான் அதிகம் மனதில் நிற்கிறது.

அக்டோபர் கடைசியில் ஒரு மாலை போன் வந்தது. எய்துவிட்டார். அரை மணி நேரம் காத்திருந்து இறங்கியிருக்கிறார். அம்பு சற்றுப் பின்னால் பட்டிருக்கலாம் என்று குரலிலேயே தெரிந்தது. நான் போனபோது வில்லை வேலியில் சாய்த்துவிட்டு அந்த அம்மாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் இலைகள் மேல் ரத்தத் துளிகளைத் தேடிப் போனோம். ஒரு துளி, நாலடி தள்ளி இன்னொன்று, அப்புறம் பத்தடிக்கு ஒன்றுமில்லை. ஒரு ஓடையருகே முழுதாக நின்றுவிட்டது. இரவு பதினொன்று வரை தேடினோம். மறுநாள் காலை திரும்பவும் போனோம். கிடைக்கவில்லை.

அவர் வாசலுக்குப் போய்ச் சொன்னார். அந்த அம்மா திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. “எந்த இடத்துல ரத்தம் நின்னுச்சு?” என்று மட்டும் கேட்டார். சொன்னார். தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த வருடம் அவர் மறுபடி பரண் ஏறவில்லை.

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தப்பு நடக்காது என்று இந்தக் கதை சொல்லவில்லை. நடுவில் போட்ட பரணிலிருந்தும் மான் எல்லை தாண்டியது, வீணாகச் செத்தது. அம்மாவின் கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மான் கூட்டம் பெருகினால் காட்டின் இளஞ்செடிகள் அழியும், குறைக்க வேண்டும் என்று லியோபோல்டே 1940-களில் வாதாடி வசை வாங்கினார். அது எத்தனை மான் என்பதற்குப் பதில். இந்த மான் ஏன் என்பதற்கு அல்ல. நானோ பாசாரில் உரித்த கோழியை வாங்கிக்கொண்டு வருபவன். எந்த வாசலிலும் போய் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்ததில்லை.

உண்மையில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்கா போவதற்கு முன்பு ஒரு தாமானுக்கு மழைநீர்த் தொட்டி வடிவமைத்தேன். நம் நாட்டின் மஸ்மா வழிகாட்டியின்படி, கட்டிய பிறகு வெளியேறும் உச்ச நீரோட்டம் கட்டுவதற்கு முன்பிருந்ததைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை. ஆனால் தொட்டி நிரம்பினால் வழியும் குழாயைப் பின்பக்க எல்லையில் வைத்தேன். அதுதான் குழாய் நீளம் குறைந்த இடம். அதற்கு அப்பால் தாழ்வாக ஒரு பழைய பலகை வீடு இருப்பது வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிந்தது. என் ஓக் மரம் அது. பெருமழையில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் போனதா என்று நான் கேட்டதே இல்லை.

திரும்பி வந்ததும் போனேன். ஒரு மாக்சிக் கதவைத் திறந்தார். எந்தக் கம்பெனி, என்ன விற்கிறாய் என்றார். ஒன்றும் விற்கவில்லை, பின்னால் இருக்கும் குழாயை வைத்தவன் நான் என்றேன். என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பழுப்புக் கோடு.

குழாயை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். செலவை யார் ஏற்பது என்று இன்னும் பேச்சு நடக்கிறது. எது நடந்தாலும் வந்து சொல்கிறேன் என்று அந்த மாக்சிக்கிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை போய், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.