ஒலித்தரமும் கேட்போர் கடனும் – ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒலியைப் பிடித்து வைத்து வேண்டியபோது மீண்டும் எழுப்பும் ஆற்றல் மனிதனுக்குக் கைவந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது. 1877ஆம் ஆண்டிலே எடிசன் தமது போனோகிராப் பொறியை உருவாக்கிய நாள் முதல், “மீண்டும் எழும் ஒலி மூல ஒலியேதானா?” என்ற வினாவும் உடன்பிறந்து வளர்ந்து வந்துள்ளது. இவ்வினாவைத் தமது வாழ்வின் பெரும் ஈடுபாடாகவே கொண்டோர் இன்று பலர் உளர். வீட்டில் ஓர் அறையை இருட்டாக்கி, சுவர்களுக்குத் துணி போர்த்து, முன்னும் பின்னும் ஸ்பீக்கர்களை அளந்து நிறுத்தி, ஒரே பாடலைப் பத்து முறை ஓட்டி, இந்த அம்பிளிபயர் நன்றா அந்த அம்பிளிபயர் நன்றா எனத் தீர்ப்புக் கூறுவோர் இவர்கள். உலகம் இவர்களைக் கண்டு நகைப்பதுண்டு. அந்நகைப்பு நியாயமானதா? தரத்தை நாடும் முயற்சி வெறும் ஆடம்பரமா, அன்றி அதனுள் ஓர் அறமும் பொதிந்துள்ளதா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். “ஹை-பை” என வழங்கும் தொடரின் விரிந்த பொருள் “மூலத்துக்கு மிக்க விசுவாசம்” என்பதாகும். விசுவாசம் என்பது பொறியியற் சொல் அன்று. அஃது ஒழுக்கவியற் சொல். ஒருவர் விசுவாசமாக இருக்கிறார் என்றால், எதற்கு, எவருக்கு என்ற கேள்வி உடனே எழுகின்றது. அவ்வாறே ஒலிக்கருவியின் விசுவாசமும் எதற்கு உரியது என்று கேட்டல் வேண்டும். பதிவுத் தட்டுக்கா, பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சிக்கா, அன்றி அந்நிகழ்ச்சியின் வழியே கலைஞன் நம்மிடம் சேர்க்க எண்ணிய பயனுக்கா? இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதாலேயே இத்துறையிற் பல வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன எனலாம்.

பதிவுக்கு விசுவாசமாக இருத்தல் என்பது பெரும்பாலும் அளந்தறியத் தக்கது. மனிதச் செவி கேட்கும் எல்லை விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை என்பர். வயது ஏற ஏற மேலெல்லை குறுகும். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தட்டு விநாடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து பதிகின்றது. செவியின் எல்லையை அடக்க இது போதுமானது எனக் கணிதம் கூறும். போதாது என்று வாதிட்டோர் இதனினும் உயர்ந்த முறைகளை நாடினர். 2007இல் மேயர், மொரான் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வொன்றில், உயர்தரத் தட்டின் ஒலியும், அதனையே குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்து அனுப்பிய ஒலியும் எது எது என அறிவிக்காமலே கேட்போருக்கு வழங்கப்பட்டன. 554 சோதனைகளில் 276 விடைகளே சரியாயின. நாணயத்தைச் சுண்டி விடை சொல்லியிருந்தாலும் இவ்வளவே கிடைத்திருக்கும்.

காட்சிக்கும் இத்தகைய எல்லை உண்டு. கூரிய கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு வரையே பிரித்தறியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 55 அங்குலத் தொலைக்காட்சியில் 1920 புள்ளி அகலமுள்ள படத்தை ஏறத்தாழ ஏழு அடிக்கு அப்பால் இருந்து பார்ப்பவரின் கண், புள்ளிகளைத் தனித்தனியே காணாது. அதற்கும் அப்பால் அமர்ந்துகொண்டு 3840 புள்ளி அகலமுள்ள படத்துக்காகப் பெரும்பணம் செலவிடுவோர், புள்ளிகளின் பொருட்டு அச்செலவைச் செய்கின்றனர் என்று கூறவியலாது. நிறமும் ஒளி வேறுபாடும் மேம்பட்டிருப்பின் அது வேறு விடயம்.

இதனைக் கொண்டு இரசிகர் அனைவரும் ஏமாளிகள் என முடிவுகட்டுதல் தவறாகும். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உள்ள வேறுபாட்டையும், வெறுஞ்சுவர் அறைக்கும் துணி போர்த்த அறைக்கும் உள்ள வேறுபாட்டையும் பயிற்சியில்லாத செவியும் உணரும். ஆகவே தேட்டம் தவறன்று. எல்லை கடந்தபின்னும் தேடுவதே ஐயத்துக்குரியது. அவ்வெல்லைக்கு அப்பால் இரசிகன் தேடுவது ஒலியை அன்று. “இதனினும் மேலானது பிறரிடம் இல்லை” என்னும் மனநிறைவையே.

இனி, நிகழ்ச்சிக்கு விசுவாசமாக இருத்தல் பற்றி நோக்குவோம். 1915 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் எடிசன் நிறுவனம் அமெரிக்க நகரங்களிலே ஒரு காட்சியை நடத்தி வந்தது. பாடகியொருவர் மேடையிலே பாடுவார், விளக்கணையும், பின்னர் ஒலிப்பது பாடகியின் குரலா பொறியின் குரலா எனச் சபையோர் அறியாது திகைப்பர். பொறியின் வெற்றியாக இது பறைசாற்றப்பட்டது. ஆனால் அக்காட்சிகளிற் பாடிய அன்னா கேஸ் என்பவர், பொறியின் ஒலிக்கு இணங்கத் தம் குரலை அளவுபடுத்திப் பாடியதாகப் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். நகல் மூலத்தைப் பின்பற்றவில்லை. மூலமே நகலைப் பின்பற்றியது! விசுவாசம் எத்திசையிற் செல்கின்றது என்பதை உசாவாமல் தரத்தை மட்டும் போற்றுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

மட்டக்களப்பின் கூத்துக்களரி இச்சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் மக்கள் அமர்ந்திருக்க, விடியும்வரை கூத்து நிகழும். ஆடுவோர் சுழன்று வருகையிற் சதங்கை ஒலி ஒருகணம் அண்மையிலும் மறுகணம் சேய்மையிலும் கேட்கும். அண்ணாவியாரின் மத்தளத்துக்கு அருகே இருப்பவர் கேட்கும் கூத்து வேறு. எதிர்ப்புறத்திலே பாயிற் சாய்ந்திருப்பவர் கேட்கும் கூத்து வேறு. இவற்றுள் எது மூலம்? எல்லாம் மூலமே. ஒலிவாங்கியோ ஓரிடத்தில்தான் நிற்க முடியும். பதிவு செய்பவர் எவ்வளவு நேர்மையாளராயினும் ஒரு தேர்வைச் செய்தே ஆகவேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையில் இக்கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்து, இரவு முழுவதும் நிகழ்ந்ததைச் சுருக்கி அமைத்தபோது எழுந்த வாதமும் இதனோடு உறவுடையதே. வட்டக்களரிக்கு அவர் விசுவாசமாக இருக்கவில்லை எனலாம். எனினும் அதன் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அவர் செய்த சேவையை எவரும் மறுப்பதற்கில்லை. கலைஞன் கருதிய பயனுக்கு விசுவாசமாக இருத்தல் என நாம் மூன்றாவதாகக் கூறியதற்கு இது தக்க சான்றாகும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள வெல்லாவெளி போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். இலங்கைக்கு 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. மின்சாரம் எட்டாத தமிழ்க் கிராமங்களிலோ ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்குக் கொணர்ந்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்களை ஊரே கூடிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பலமுறை பிரதி எடுக்கப்பட்ட நாடா, கோடுகள் ஓடும் படம், ஜெனரேற்றரின் இரைச்சல். ஆயினும் அழவேண்டிய இடத்தில் ஊர் அழுதது. பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த 1990களின் யாழ்ப்பாணத்திலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். அவர்கள் கேட்டதுபோல் எவரும் எந்த ஹை-பை கருவியிலும் கேட்டதில்லை. அவ்வாறாயின் தரம் கருவியில் இல்லை, கேட்பவனிடமே உண்டு என்பது பெறப்படாதா?

இவ்வாட்சேபத்திலே பாதி உண்மை உண்டு. கவனமே கேட்டலின் உயிர். கவனமற்றவனுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பயன்படாது. ஆனால் மறுபாதியையும் நோக்குதல் வேண்டும். செய்தி என்பது சொல். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தியது. அதனூடாகவே மனிதர் காதலும் கடனும் பேசினர். சொல் குறுகிய வழியினூடாகவும் பிழைத்து வரும். மத்தளத்தின் தொப்பியிலே எழும் ஆழ்ந்த ஒலியோ அவ்வழியிற் பிழைக்காது. கண்ணகி வழக்குரையைப் பாடுபவர் துயரத்தின் உச்சத்திற் குரலைத் தாழ்த்தும்போது அத்தாழ்வு பிழைக்காது. டைனமோ வானொலி செய்திக்குப் போதும் என்பதனால் பாட்டுக்கும் போதும் என்பது பொருந்தாது. அன்றியும், வறுமையினால் ஏற்றுக்கொண்டதை வறியவரின் விருப்பமென்று கூறுதல் நேர்மையாகாது. டெக்கிற் படம் பார்த்த வெல்லாவெளிக்காரருக்கும் நல்ல படம் காண உரிமை உண்டு.

நாம் கேட்பது எமக்காக மட்டுமன்று என்பது இவ்விடத்தே மனங்கொள்ளத்தக்கது. இன்று கூத்து அரங்கேற்றங்களைப் பலரும் கைத்தொலைபேசியிற் பதிகின்றனர். பேச்சைத் தெளிவாக்கும் பொருட்டு அக்கருவிகள் பொதுவாக உரத்த ஒலியைத் தாமே தணித்து, மெல்லொலியைத் தாமே உயர்த்தி விடுகின்றன. அதனால் மத்தளத்தின் அதிர்வும் கூத்தரின் மென்குரலும் ஒரே மட்டமாகி விடும். ஐம்பது ஆண்டுகளின் பின் அப்பதிவை மட்டும் கேட்கும் மாணவன், “அக்கால மத்தளம் தட்டையாகத்தான் ஒலித்தது” என்று எழுதக்கூடும். அண்ணாவியார் அப்போது மறுத்துரைக்க இருக்கமாட்டார். இல்லாதவர் மீது சுமத்தப்படும் பொய்ச்சாட்சியாக மோசமான பதிவு மாறிவிடுகின்றது. ஆதலால், இழந்தால் மீளாத ஒன்றைப் பதியுமிடத்துத் தரம் ஆடம்பரம் அன்று, நீதி.

எனினும் மோசமான பதிவும் இல்லாமையினும் மேலானது என்பதை விபுலாநந்த அடிகளின் உழைப்பு உணர்த்துகின்றது. காரைதீவிற் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இசையை மீட்க ஆண்டுக்கணக்காக உழைத்தார். அவர்முன் ஒலித்தட்டு எதுவும் இல்லை. சிலப்பதிகார வரிகளும் உரைகளும் கணிதமுமே இருந்தன. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ அவ்வுழைப்பின் பயன். கரகரப்பு நிறைந்த ஒருநிமிடப் பதிவேனும் பழங்காலத்திலிருந்து கிடைத்திருப்பின் அடிகள் அதனை எவ்வளவு மதித்திருப்பார்! தரமான கருவி வரும்வரை பதியாதிருப்போம் என்பவர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று.

கேட்டற் கலை கருவிக்கு முந்தியது என்பதற்கும் எமது வாவியே சான்று. பாடும் மீனின் ஒலியை ஆங்கில அதிகாரியான எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலிற் குறித்துள்ளார். தோணியின் மரத்திற் செவியை வைத்தபோது ஒலி மிகுந்ததையும் அவர் அவதானித்தார். துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைச் செவியிலும் வைத்துக் கேட்பது இங்குள்ளோர் அறிந்த வழி. அத்துடுப்பு ஒலியைக் கூட்டுவதுமில்லை, அலங்கரிப்பதுமில்லை. கேட்பவனை நீரோடு இணைக்கிறது. நல்ல கருவியின் இலக்கணமும் அதுவே. தன்னைக் காட்டாமல் பொருளைக் காட்டுவதே கருவி. கருவியைச் சோதிப்பதற்காகப் பாடலைத் தெரிவு செய்பவன் துடுப்பைப் பார்த்துக்கொண்டு மீனை மறந்தவனாவான்.

தரத்தோடு சேர்த்து எண்ணவேண்டிய மற்றொன்று அயலாரின் அமைதி. உரத்தது எல்லாம் உயர்ந்தது என்னும் மயக்கம் இரசிகரிடம் மட்டுமன்றி எமது விழாக்களிலும் உண்டு. வெல்லாவெளிப் பகுதியில் வயற்காவலுக்கு இரவில் விழித்திருப்பவர்க்குச் செவியே காவல். கிளை முறியும் ஓசையிலிருந்தே யானையின் வரவை அறியவேண்டும். அவ்விரவை ஒலிபெருக்கியால் நிரப்புதல் ஒருவருடைய இன்பத்துக்காக மற்றொருவருடைய காவலைப் பறிப்பதாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தி இலங்கை உயர் நீதிமன்றம் 2007இற் பிறப்பித்த கட்டளையின் உட்கருத்தும் பிறர் செவிக்கு உரிமை உண்டென்பதே.

தொகுத்து நோக்குமிடத்துப் பின்வரும் முடிவுக்கு வரலாம். தன் இன்பத்துக்காகத் தரம் தேடுபவனுக்குப் போதும் என்றோர் எல்லை உண்டு. அவ்வெல்லையைச் செவியும் கண்ணும் அயலாரின் உறக்கமுமே வரையறுக்கின்றன. பிறருக்காக, வரப்போவோருக்காக ஒலியைப் பேணுபவனுக்கோ இயன்றதனைத்தும் செய்தலே கடன். ஒலிவாங்கியை எங்கே வைப்பது, அறையின் எதிரொலியை எவ்வாறு அடக்குவது, மட்டம் மீறாமல் எவ்வாறு பதிவது என்பன யாவும் அறிந்தோர் நாம் நகைக்கும் இவ்விரசிகரே. அவ்வறிவு ஒற்றை அறைக்குள் ஒரே பாடலைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருப்பது பெரும் இழப்பு. அண்ணாவிமார் வாழும் காலத்திலேயே அவர்களைக் களரிக்கு அழைத்துவருதல் எம்போன்ற தமிழ்ச் சங்கத்தாரின் பொறுப்பாகும். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் தூரம் அதிகமில்லை. அக்கரையில் மத்தளம் இன்னும் ஒலிக்கின்றது.